காத்திருக்கும் நோயும் காத்திராத நோயும்

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் ‘மக்களுக்கு உகந்தது ஆங்கில மருத்துவமா, நாட்டு மருத்துவமா?’ என்று ஒரு பட்டிமன்றம் நடைபெற்றது. இரு அணியினரும் சளைக்காமல் பேசினர். இரண்டும் இரு கண்கள் என்று நடுவர் தீர்ப்பளித்தார். நாமும் கைதட்டிவிட்டு வகுப்புக்குச் சென்றோம். அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் காலை ஒன்பது மணிக்குத் தம் நாற்காலியில் அமர்ந்தால் அவர் என்ன செய்வார் என்று எவரும் கேட்கவில்லை. அவர் எதிரே வந்து நிற்பது மருத்துவ முறை அன்று. காலில் கட்டுப் போட்ட ஒரு மனிதர். கட்டுக்குள்ளே என்ன இலை வைத்து அரைத்துக் கட்டியிருக்கிறது என்பது அவருக்கே தெரியாது.

நான் படிப்பது விலங்கியல், மருத்துவம் அன்று. ஆயினும் பாம்பு நஞ்சைப் பற்றிப் பாடம் கேட்கும்போதெல்லாம் எங்கள் ஊரில் விஷக்கடிக்கு வேர் கொடுக்கும் பெரியவரின் நினைவு வரும். கடந்த கோடை விடுமுறையில் அவரையும், எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவையும் தனித்தனியே கண்டு பேசினேன். அவர்கள் விருப்பப்படி இருவர் பெயரையும் இங்கே தரவில்லை. அவர்கள் கூறியவற்றோடு நூலகத்தில் நான் படித்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

1946-இல் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு அளித்த அறிக்கையை அடியொற்றி, 1952 முதல் நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் அளவுகோல். இத்தனை பேருக்கும் முதல் மருத்துவர் அங்கிருப்பவரே என்று கோப்புகள் கூறும். உண்மையில் நோயாளி அவரிடம் வரும்போது மூன்றாவது அல்லது நான்காவது வைத்தியத்துக்கு வருகிறார். வீட்டுப் பாட்டியின் கஷாயம் முடிந்திருக்கும். பூசாரியின் திருநீறு நெற்றியில் இருக்கும். மருந்துக் கடைக்காரர் அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்த நான்கு மாத்திரைகளும் உள்ளே போயிருக்கும்.

நாட்டு மருத்துவர் என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுபவருள் பல வகையினர் உண்டு. ஐந்தரை ஆண்டு கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற சித்த மருத்துவர் ஒருவர். சென்னை மாகாண அரசு 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்து நம் மருத்துவ முறைகளை ஆராயச் செய்ததும், அதன் விளைவாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியதும், 1964-இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி ஏற்பட்டதும் இவ்வகையினரின் வரலாறு. தந்தையிடம் கற்றுத் தம் தோட்டத்து மூலிகையைக் கொண்டு இரண்டு மூன்று நோய்களுக்கு மட்டும் வைத்தியம் செய்பவர் மற்றொருவர். மந்திரிப்பவர் வேறு. வாரச்சந்தையில் துணி விரித்துச் சர்வரோக நிவாரணி விற்பவர் முற்றிலும் வேறு. இவர்கள் நால்வரையும் ‘போலி’ என்று ஒரே முத்திரையால் குத்தும் டாக்டர், முதல் நாளிலேயே ஊரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொள்கிறார். அதைவிடப் பெரிய நஷ்டம், அவரிடம் உண்மை பேசுவோர் இல்லாமற் போவது.

பாம்புக்கடியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். என் பாடத்துக்கு அதுவே நெருக்கம்.

எங்கள் ஊர்ப் பெரியவர் காசு வாங்குவதில்லை. வெற்றிலை பாக்கு மட்டும். கடிபட்டவரிடம் வேப்பிலையைக் கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்பார். மிளகைக் கொடுத்து உறைக்கிறதா என்று கேட்பார். பிறகு வேரை உரசிக் கொடுப்பார். நாற்பது ஆண்டுகளில் தம்மிடம் வந்தவருள் பிழைத்தவரே மிகுதி என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. நம் வயல்வெளியில் காணும் சாரை, தண்ணீர்ப்பாம்பு, கொம்பேறிமூக்கன், வெள்ளிக்கோல் வரையன் ஆகியவை மனிதரைக் கொல்லும் நஞ்சில்லாதவை. நஞ்சுடைய பாம்பும் கடிக்கும்போதெல்லாம் நஞ்சைச் செலுத்துவதில்லை. பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போவதும் உண்டு. ஆகவே கடிபட்டு ஓடி வருபவருள் பலர், வேரைக் கொடுத்தாலும் பிழைப்பர்; வெல்லத்தைக் கொடுத்தாலும் பிழைப்பர். பிழைத்தவர் ஊரெல்லாம் பெரியவர் புகழைச் சொல்கிறார். இறந்தவர் விஷயத்தில் ‘விதி முடிந்துவிட்டது’, ‘நேரம் கடந்து கொண்டு வந்தார்கள்’ என்று காரணம் கிடைத்துவிடுகிறது. பெரியவர் எவரையும் ஏமாற்றவில்லை. இந்தக் கணக்கு அவரை ஏமாற்றி வைத்திருக்கிறது.

உயிரை வாங்குபவை பெரும்பாலும் நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றுள் கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி மிகக் குறைவு; வீக்கமும் இராது; பல் பட்ட இடமே சில வேளை தெரியாது. விடியும்போது வயிறு வலிக்கும், கண்ணிமை தானாகத் தாழும், பேச்சுக் குழறும், பின்னர் மூச்சு நிற்கும். வீங்கவில்லையே, விஷமில்லை என்று சொல்லும் வைத்தியர் இங்கேதான் தவறுகிறார். கண்ணாடி விரியனின் நஞ்சோ இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. கடிவாயைப் பிளேடால் கீறி இரத்தத்தை வடித்தால் நஞ்சு வெளியேறும் என்பது ஊர் நம்பிக்கை. இரத்தம் உறையாத உடம்பில் கீறினால் அது நிற்பதில்லை. கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் நல்லதன்று. கட்டுக்குக் கீழே தசை அழுகிப் போகும்.

இத்தனைக்கும் ஒரே மருந்து விஷமுறிவு ஊசிதான். குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றி அதன் இரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். நம் நாட்டு ஊசி மருந்து ஒரு மில்லிலிட்டரில் 0.6 மில்லிகிராம் நல்லபாம்பு நஞ்சையோ கண்ணாடி விரியன் நஞ்சையோ முறிக்கும். பத்து மில்லிலிட்டர் கொண்ட குப்பிகளில் எட்டு முதல் பத்து வரை முதல் தவணையிலேயே ஏற்ற வேண்டும் என்பது நெறிமுறை. இந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருபவர் யாரென்று நினைக்கிறீர்கள்? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். தலைமுறை தலைமுறையாகப் பாம்பின் தடம் பார்த்துப் பிடித்த மக்களின் அறிவு, ஆஸ்பத்திரி அலமாரியில் குப்பியாக நிற்கிறது. பட்டிமன்றத்தில் இரு அணியினரும் இதைச் சொல்லவில்லை.

இனி டாக்டரின் தர்மசங்கடத்துக்கு வருவோம். குதிரை இரத்தத்திலிருந்து வரும் மருந்தாதலால் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம் திடீரென வீழ்தல் ஆகியவை நேரலாம். பக்கத்திலேயே அட்ரினலின் ஊசி தயாராக இருந்தால் சமாளிக்கலாம். தனியாக இருக்கும் இளம் மருத்துவர், இரவு பதினொரு மணி, வாசலில் ஐம்பது பேர் கூட்டம். ஊசியைப் போட்டு நோயாளி அங்கேயே விழுந்தால் ‘டாக்டர் ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்’ என்பார்கள். போடாமல் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் வழியில் இறப்பவர் பாம்பால் இறந்தவரே. அவர்மீது பழி வராது. நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் முதல் தவணை மருந்து தாமதமாவதை யாரும் எழுதி வைப்பதில்லை. வைத்தியரின் வேர் ஒரு மணி நேரத்தைத் தின்றது என்றால், டாக்டரின் அச்சம் இன்னொரு மணி நேரத்தைத் தின்கிறது. நான் சந்தித்த டாக்டரம்மா இதை ஒளிக்காமல் சொன்னார். “முதல் முறை என் கை நடுங்கிச்சு. ஆனா ரத்தம் உறையலைன்னு கண்ணால பார்த்த பிறகு அனுப்பி வைக்க மனசு வரலை” என்றார். அவர் கண்ணால் பார்த்த சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு ஏறிவிட்டது என்று பொருள்.

நாய்க்கடியிலும் இதே கணக்குத்தான். கடிக்கும் நாய்களெல்லாம் வெறிநாய்கள் அல்ல; எனவே பச்சிலை தின்றவருள் பெரும்பாலோர் நலமாகவே இருப்பர். வெறிநாயாக இருந்தாலும் நோய் வெளிப்பட ஒன்றிலிருந்து மூன்று மாதங்கள் ஆவது வழக்கம். அதற்குள் பச்சிலை மறந்து போயிருக்கும். ஒன்று மட்டும் நிச்சயம்: தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால் எந்த மருத்துவ முறையிலும் மீட்பில்லை.

ஆனால் மக்கள் பச்சிலையை நாடியதை அறியாமை என்று மட்டும் சொல்லித் தள்ளக்கூடாது. கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய பழைய தடுப்பூசி ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள். சிலருக்கு அதனாலேயே நரம்பு தளர்ந்து கைகால் விழுந்ததும் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், 2005-ஐ ஒட்டித்தான், நம் நாடு அதைக் கைவிட்டது. இப்போது போடுவது வேறு ஊசி. மேற்கையில், தோலுக்குள், சிறிதளவு. நான்கு முறை வந்தால் போதும். எங்கள் ஊரில் பலருக்கு இது இன்னமும் தெரியாது. பழைய பதினான்கு ஊசியை நினைத்துக்கொண்டே பச்சிலைக்குப் போகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் ‘மூடநம்பிக்கை’ என்று சீறுவதற்கு முன், ஊசி மாறிவிட்டது என்று சொல்லவேண்டியது டாக்டரின் கடமை அன்றோ? கடித்தவுடன் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்குக் காசு வேண்டாம். ஆனால் நம் ஊரில் முதலில் சுண்ணாம்பு வைப்பார்கள்.

மஞ்சள் காமாலையின் கதை வேறு. மாசுபட்ட குடிநீரால் வரும் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே அடங்கும். ஆங்கில மருத்துவத்தில் அதற்கென்று தனி மருந்து இல்லை, ஓய்வும் உணவும்தான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்து, எண்ணெயை விலக்கிப் பத்தியம் இருப்பவரும் அதே சில வாரங்களில் குணமடைகிறார். இங்கே டாக்டர் தடை சொல்வதால் யாருக்கு என்ன இலாபம்? ‘மருந்தில்லை, போய்ப் படுத்துக்கொள்’ என்று ஒரு டாக்டர் சொன்னால் நோயாளிக்கு அது விரட்டுவதாகவே படும். கீழாநெல்லியையும் அலட்சியமாகத் தள்ள முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் குழுவினர் 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஹெப்படைட்டிஸ்-பி கிருமியை நெடுநாள் உடலில் சுமந்தவருள் இந்த மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேரிடமிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் தூள் பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர்த் தாய்லாந்து முதலிய இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. முதல் ஆய்வை மட்டும் மேடையில் முழங்குபவரும், பின்னைய ஆய்வை மட்டும் காட்டி ஏளனம் செய்பவரும் உண்டு. மேலும் அந்த ஆய்வு பி வகைக் கிருமியைப் பற்றியது. ஊரில் கீழாநெல்லி குடிப்பவர்க்கு வந்திருப்பது பெரும்பாலும் வேறு வகை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று; அடையாளம். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் மஞ்சளாகும். கணையத்துப் புற்றுநோயிலும் மஞ்சளாகும். இவற்றில் சில, பத்தியம் முடியும் வரை காத்திரா. மஞ்சளோடு தூக்க மயக்கமும் உளறலும் சேர்ந்தால் ஈரல் செயலிழக்கிறது என்று பொருள். டாக்டரம்மா கீழாநெல்லிக்குத் தடை சொல்வதில்லை. “குடிச்சுக்குங்க, ஆனா முதல்ல ரத்தம் பார்த்துடலாம். பேச்சுல தடுமாற்றம் வந்தா ராத்திரின்னு பார்க்காம தூக்கிட்டு வந்துடுங்க” என்கிறார். காத்திருக்கும் நோய் எது, காத்திராத நோய் எது என்று பிரித்துக் காட்டுவதே அவர் செய்வது. எல்லாவற்றையும் தடுப்பவர் பேச்சை ஊரார் எதிலும் கேட்பதில்லை என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்.

மறைத்து உண்ணும் மருந்துதான் எல்லாவற்றிலும் கொடியது என்பேன். என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, மூட்டுவலியும் உண்டு. சந்தையில் ஒருவரிடம் மூட்டுவலிக்குப் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டார். ஒரே வாரத்தில் களைவெட்டப் போனார். முகம் உருண்டு திரண்டு வந்தது. ‘சதை போட்டிருக்கிறாய்’ என்று எல்லாரும் மகிழ்ந்தோம். சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனது. டாக்டரும் மாதந்தோறும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். பொட்டலத்தைப் பற்றிப் பெரியம்மா வாய் திறக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊர் டாக்டர், அவர் கையிலிருந்த லேகியத்தைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்து பத்துப் பேர் நடுவே ஏசியிருந்தார். அந்த அவமானம் ஆறவில்லை. பிறகு பொட்டலக்காரர் இரண்டு சந்தைக்கு வரவில்லை. பெரியம்மா வாந்தியெடுத்து, தலைசுற்றி, கிணற்றடியில் விழுந்துவிட்டார்.

அன்று இருந்தவர் நான் குறிப்பிடும் டாக்டரம்மா. ‘நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா?’ என்று அவர் கேட்கவில்லை. “முட்டி வலிக்கு என்னம்மா சாப்பிடறீங்க?” என்று கேட்டார். சாப்பிடுவது இயல்புதான் என்பது போன்ற கேள்வி. “திட்டாதீங்கம்மா, பொட்டலம் ஒண்ணு சாப்பிட்டேன்” என்று பெரியம்மா அப்போதுதான் சொன்னார்.

மூலிகைத் தூள் என்று விற்கப்படும் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பொடித்துக் கலப்பது மருத்துவ உலகம் நன்கறிந்த மோசடி. ஆங்கில மருந்தையே நாட்டு மருந்து வேடத்தில் விற்கிறார்கள்! வலி மாயமாய் மறையும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், வெளியிலிருந்து வரத்து இருப்பதால் தம் வேலையை நிறுத்திவிடும். வெளிவரத்து திடீரென்று நின்றால் உடலில் அந்தப் பொருளே இல்லாமற் போய் இரத்த அழுத்தம் வீழும். அதற்கு மருந்தும் ஸ்டீராய்டே. டாக்டரம்மா அதே வகை மருந்தை ஊசியாகப் போட்டார்; பின்னர் மாத்திரையாகக் கொடுத்துப் பல வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தார். “அந்த விஷத்தையே நீங்களும் கொடுக்கிறீர்களே?” என்று என் பெரியப்பா சண்டைக்குப் போனார். அவரை உட்காரவைத்து, சுரப்பியின் படம் வரைந்து, அரைமணி நேரம் விளக்கினாராம். வெளியே எழுபது பேர் வரிசையில் நின்ற காலை அது. அந்த அரைமணி நேரத்தை எந்தப் பதிவேட்டிலும் எழுத இடமில்லை.

உட்பொருள் தெரியாத இரகசிய மருந்தை மருத்துவர் எழுதுவதும் கொடுப்பதும் ஒழுக்கக் கேடு என்று, இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த நடத்தை விதிகள் கூறுகின்றன. நம் ஊர் வழக்கமோ மூலிகையின் பெயரை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது. இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. பெரியவரிடம் அவர் வேரின் பெயரைக் கேட்டேன். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை. இரகசியம் உடைந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. சர்ப்பகந்தா வேர் நெடுங்காலம் நம் நாட்டு வைத்தியத்தில் இருந்தது. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை இரத்த அழுத்த நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து 1949-இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதினார். 1952-இல் ஸ்விஸ் நாட்டு வேதியியலார் அதிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தனர். உலகெங்கும் அது மருந்தாயிற்று. மிகுதியானால் மனச்சோர்வு போன்ற தீங்கு தரலாம் என்பதும் வெளிச்சத்துக்கு வந்தது. வேரின் குணத்தையும் குற்றத்தையும் ஒருசேரக் காட்டியது அந்தச் சோதனைதான்.

டாக்டர்களையும் சற்றுக் கேட்கவேண்டியிருக்கிறது. ‘ஊசி போடலையா?’ என்பது கிராமத்து நோயாளியின் முதல் கேள்வி. சாதாரணச் சளிக்கு ஊசி வேண்டாம் என்று தெரிந்தும், போடாவிட்டால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார் என்று சிவப்பு நிற வைட்டமின் ஊசியைப் போடும் டாக்டர் எத்தனை பேர்? களைப்புக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது இன்னொன்று. மந்திரித்துக் கட்டும் தாயத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்கு விளங்கவில்லை. தாயத்தில் சீழ்க்கட்டி வராது என்பதைத் தவிர.

ஒருவர் மற்றவர் துறையில் கால் வைப்பதைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசியிருக்கிறது. ஹோமியோபதி படித்த ஒருவர் காய்ச்சல் கண்ட நோயாளிக்கு ஆங்கில மருந்து கொடுத்து, அவர் இறந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. படிக்காத முறையில் மருந்து கொடுத்ததே கவனக்குறைவு என்று கூறி, இறந்தவரின் மனைவிக்கு 3 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. மருத்துவர் பற்றாக்குறையைப் போக்க, பிற முறை மருத்துவர்க்கு ஓர் இணைப்புப் பயிற்சி தந்து ஆங்கில மருந்தும் எழுத அனுமதிக்கலாம் என்று 2017-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணைய மசோதாவில் இருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் நீக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் எதிர்த்துக் கொடி பிடித்தவருள் எத்தனை பேர் மலைக்கிராமத்து நிலையத்துக்கு மாற்றல் கேட்டிருப்பார்கள் என்ற எண்ணமும் கூடவே எழுகிறது.

அரசே இரு முறைகளையும் ஒருசேரக் கையில் எடுக்கும்போது டாக்டர் நிலை இன்னும் நுட்பமாகிறது. 2012-இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரும், 2020-இல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீரும் அரசால் ஊர்தோறும் வழங்கப்பட்டன. டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்தான நாள். காய்ச்சல் விட்டதும் நிலவேம்பு வேலை செய்துவிட்டது என்று தாய் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால், வயிற்று வலியும் கைகால் குளிர்தலும் கவனிக்கப்படாமல் போகும். வரிசையில் நின்று குடிநீர் வாங்குபவரிடம் அதைச் சொல்லவேண்டியவர் யார்? எங்கள் நிலையத்தில் சித்த மருத்துவருக்கும் ஓர் அறை உண்டு. ஒரே வேப்பமரத்து நிழலில் இரு அறைகள். ஆயினும் ஒருவர் எழுதும் சீட்டை மற்றவர் பார்க்கும் ஏற்பாடு நான் பார்த்தவரை இல்லை; நோயாளியே இரண்டையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போகிறார்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிலிருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக வள்ளுவர் வைத்திருக்கிறார். அந்த நான்காமவரே கிராமத்தில் தீர்ப்பு வழங்குபவர். கடிபட்டு மயங்கிக் கிடப்பவர் எதையும் தீர்மானிப்பதில்லை. மாமனார் தீர்மானிக்கிறார், பங்காளி தீர்மானிக்கிறார். மருத்துவ ஒழுக்க நூல்கள் நோயாளியின் சம்மதம் பெறவேண்டும் என்கின்றன. மருமகளுக்கு ஆஸ்பத்திரி போக விருப்பம், மாமியாருக்கு வேர் கட்ட விருப்பம் என்னும்போது டாக்டர் யாரிடம் பேசுவது? டாக்டரம்மாவின் பதில்: “ரெண்டு பேர்கிட்டயும்தான். ஆனா பொண்ணுகிட்ட தனியா முதல்ல.” அதற்காகவே பிரசவ வார்டுப் பக்கம் ஒரு சிறு அறையைக் காலி செய்து வைத்திருக்கிறார்.

பெரியவருக்கும் அவருக்கும் இப்போது ஓர் உடன்பாடு இருக்கிறது. விஷக்கடி என்று எவர் வந்தாலும் பெரியவர் தம் வேரைக் கொடுத்துவிட்டு, உட்காரவைக்காமல், உடனே 108-க்குச் சொல்லி அனுப்பிவிட வேண்டும். டாக்டரம்மாவும் வேரைப் பற்றியோ மந்திரத்தைப் பற்றியோ வருபவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இது சரியா என்று அவரிடமே கேட்டேன். உண்மையை முழுதும் சொல்லாத குற்றம் தமக்கு உறுத்துகிறது என்றார். ஆயினும் ஆட்கள் இப்போது ஒரு மணி நேரம் முன்னதாக வந்து சேர்கிறார்கள் என்றார். பிளேடால் கீறக்கூடாது என்பதற்குப் பெரியவர் ஒத்துக்கொண்டுவிட்டார். கயிற்றை இறுக்கிக் கட்டக்கூடாது என்பதற்குத்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தகப்பனார் கட்டியதாம்.